வாசகர் வட்டத்துக்கு மாதப் புத்தகம் தேர்வு செய்கிறீர்களா?

நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்துக்கு நாட்டுடைமையான எழுத்தாளரின் நூலைத் தேர்ந்தெடுங்கள். யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்காது. பொது நூலகத்தில் ஒரு நூலுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பிரதிதான் இருக்கும். அதை ஒருவர் எடுத்துப்போய்விட்டால் மற்றவர்கள் படிக்காமலேயே கூட்டத்துக்கு வருவார்கள், பேச்சும் சூடு பிடிக்காது. நாட்டுடைமை என்றால் அரசு வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து உரிமையைப் பொதுவாக்கிவிட்டது என்று பொருள். அதனால் நூலின் PDF-ஐ வாட்ஸ்அப் குழுவில் தயங்காமல் பகிரலாம். புதுமைப்பித்தன் படைப்புகள் 2002-இல் நாட்டுடைமையாயின. இப்படிப்பட்ட பல நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கைப்பேசியில் படிக்கக் கண் ஒத்துழைக்காத பெரியவர்களுக்கு நூலகப் பிரதியை ஒதுக்குங்கள், அல்லது ஒரு சிறுகதையை மட்டும் பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். கூட்டத்தில் "47-ஆம் பக்கம்" என்றால் ஆளுக்கொரு பக்கம் புரட்டுவார்கள். கதைத் தலைப்பையோ அத்தியாய எண்ணையோ சொல்லுங்கள்.

சமகால எழுத்தாளர்களின் பெரும்பாலான நூல்களை இப்படிப் பகிர முடியாது. நாட்டுடைமை ஆகாதவர் என்றால் பொதுவாக அவர் இறந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் இன்னும் கவனம் தேவை: மூல ஆசிரியர் எவ்வளவு பழையவராக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி.