மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு: பழக்கங்களுக்கு இடையே ஒட்டுறவு தேடும் முறை

காபி குடிப்பவர்கள் ஒன்றுக்கு மேல் அலாரம் வைக்கிறார்கள், செருப்பை வாசலில் ஜோடியாக விடுபவர்கள் தோசைக்குச் சட்னிதான் கேட்கிறார்கள் என்பது போன்ற முடிச்சுகளைப் பிடிப்பதில் சிரமமே இல்லை. 20 கேள்வி, ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு வாரம் போதும். ஏழெட்டாவது கட்டாயம் வலையில் விழும். விழுந்ததில் எது நிஜம், எது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று பிரிப்பதுதான் வேலை. அது பதில்கள் வந்த பிறகு தொடங்குவதில்லை. கேள்வி எழுதும்போதே தொடங்கிவிடுகிறது.

கேள்விகள்

பழக்கம் பற்றி 20, ஆளைப் பற்றி 5, பதில்களைச் சரிபார்க்க 3. இதற்கு மேல் போனால் பாதியில் பொறுமை போய், கைக்கு வந்ததைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

‘வழக்கமாக’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ‘வழக்கமாகக் காலையில் என்ன குடிப்பீர்கள்?’ என்றால், தான் எப்படிப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரோ அதைச் சொல்வார். ‘இன்று காலை எழுந்ததும் முதலில் என்ன குடித்தீர்கள்?’ என்றால் நடந்ததைச் சொல்வார்.

ஆமாம்/இல்லை கேள்விகளையும் தவிர்ப்பது நல்லது. எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் கணிசமாக இருந்தாலே ஆமாம்/இல்லை கேள்விகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோலத் தெரியும். ‘செருப்பை நேராக வைப்பீர்களா?’ என்பதற்குப் பதில் ‘கடைசியாக வீட்டுக்குள் நுழைந்தபோது செருப்பை ஜோடியாக விட்டீர்களா, கழன்ற இடத்தில் விட்டீர்களா?’ என்று கேளுங்கள். இரண்டு பதிலும் சம கௌரவத்தோடு இருக்க வேண்டும். ஃபார்மில் பதில்களின் வரிசையைக் கலைத்துப்போடும் வசதி உண்டு, அதை இயக்கிவிடுங்கள். முதலில் இருப்பதையே தொட்டுவிட்டுப் போகிறவர்களின் பாதிப்பு அதனால் பரவலாகிவிடும்.

முதலில் 20 பேரிடம் ஒத்திகை பாருங்கள். ஏதாவது ஒரு கேள்விக்கு 18 பேர் ஒரே பதிலைச் சொன்னால் அந்தக் கேள்வி வீண். எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லாமல் எதை எதோடு ஒப்பிடுவது?

ஆளைப் பற்றிய ஐந்து: வயது, பாலினம், வளர்ந்தது கிராமமா நகரமா, வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரம், வீட்டில் எத்தனை பேர். இவை கடைசியில் வரட்டும். இவற்றைக் கேட்காமல் விட்டால் பின்னால் எந்த முடிச்சையும் அவிழ்த்துப் பார்க்க முடியாது.

இவை தவிர மூன்று காவல் கேள்விகள். உயரமும் செருப்பு அளவும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் ஆக வேண்டும். சேரவில்லையென்றால், பதில்கள் வந்து சேரும் கூகுள் ஷீட்டில் வரிசை மாறிப்போயிருக்கிறது என்று பொருள். மூன்றாவது, கைபேசி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பது. (எண்ணைக் கேட்காதீர்கள், ஒற்றை/இரட்டை மட்டும்.) இது எதோடும் சேரக் கூடாது. 20 கேள்விகளோடு ஒப்பிட்டால் ஒன்று தற்செயலாகச் சேரலாம். நாலைந்தோடு சேர்ந்தால் ஒரே ஆள் பலமுறை நிரப்பியிருக்கிறாரா என்று பாருங்கள்.

யாரிடம் கேட்பது

வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டால் ஒரே வீட்டிலிருந்து ஐந்து பதில் வரும். அந்த வீட்டில் வாங்குவது காபித் தூள் என்றால் ஐந்து பேரும் காபி. வாசலில் செருப்பு ஸ்டாண்ட் இருந்தால் ஐந்து பேரும் ஜோடி. கணக்கில் ஐந்து ஆள், உண்மையில் ஒரு வீடு. ‘ஒரு வீட்டுக்கு ஒருவர் மட்டும்’ என்று ஃபார்மின் தலைப்பிலேயே போடுங்கள்.

நண்பர்கள் வட்டத்திலும் இதே சிக்கல்தான். 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் 58,000-க்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் லைக்குகளை அலசியது. சுருள் உருளைக்கிழங்கு வறுவலின் பக்கத்துக்கு லைக் போட்டது, அறிவுத்திறன் தேர்வில் அதிக மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களுள் ஒன்றாக வந்தது. வறுவல் மூளையை வளர்க்காது. ஒரே மாதிரி ஆட்கள் ஒருவருக்கொருவர் நண்பர்களாக இருந்து, ஒருவர் போட்ட லைக்கை மற்றவர் பார்த்துப் போட்டிருந்தாலே இப்படி ஒன்று முளைத்துவிடும்.

இன்னொரு குழி கண்ணுக்கே தெரியாது. ஃபார்மைச் சமையல் குழுவிலும் சைக்கிள் குழுவிலும் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சமையலும் பிடிக்காது, சைக்கிளும் பிடிக்காது என்கிற ஆள் உங்கள் ஷீட்டில் இருக்கவே மாட்டார். அதனால் ‘சமைப்பவர்கள் சைக்கிள் ஓட்டுவதில்லை’ என்று கணக்கு அடித்துச் சொல்லும். ஊரில் அப்படி ஒன்றும் இருக்காது. நீங்கள் ஆள் பிடித்த விதத்தில் உண்டானது அது.

எத்தனை பேர் வேண்டும்? இரு தரப்புக்கு இடையே 50-க்கு 70 சதவீதம் என்ற அளவு வித்தியாசத்தை ஐந்தில் நான்கு முறையாவது பிடிக்க, தரப்புக்கு 90 பேர் தேவை. 50-க்கு 60 என்றால் தரப்புக்கு 385. வித்தியாசம் பாதியானால் ஆள் நான்கு மடங்கு. கீழே வரும் கணக்குக்கு 480 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

ஷீட்டைத் தொடுவதற்கு முன்

பதில்களைப் பார்க்காமல் பாதியாகப் பிரியுங்கள். புதிய நெடுவரிசையில், தற்செயல் எண் தரும் ராண்ட் (RAND) ஃபங்ஷனைப் போட்டு, அதை நகலெடுத்து வெறும் மதிப்புகளாக அதே இடத்தில் ஒட்டுங்கள். ஒட்டாமல் விட்டால் ஷீட்டில் எங்கே கை வைத்தாலும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், பிரித்தது கலைந்துவிடும். பிறகு அந்த நெடுவரிசையின்படி அடுக்கி, மேல் 240 பேரைத் ‘தேடும் பாதி’ என்றும் கீழ் 240 பேரைப் ‘பூட்டிய பாதி’ என்றும் இரண்டு ஷீட்டாக்குங்கள். இரண்டாவதை மறைத்துவையுங்கள். எட்டிப் பார்த்தால் எல்லாம் போச்சு.

ஒரு ஜோடியின் கணக்கு

எந்தப் பதில் எதோடு எத்தனை முறை வந்தது என்று எண்ணித் தரும் பிவட் டேபிளில் ஒரு கேள்வியை வரிசையிலும் இன்னொன்றை நெடுவரிசையிலும் போட்டால் நான்கு கட்டங்கள் வரும். விளக்கத்துக்காக நாங்களே போட்ட எண்கள் இவை:

காபி குடித்தவர் 100: ஒன்றுக்கு மேல் அலாரம் 62, ஒரே அலாரம் 38.
டீ குடித்தவர் 140: ஒன்றுக்கு மேல் 63, ஒரே அலாரம் 77.

அதாவது 62 சதவீதத்துக்கு எதிரே 45 சதவீதம். சம்பந்தமே இல்லாதிருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வரிசை மொத்தத்தை நெடுவரிசை மொத்தத்தால் பெருக்கி, 240-ஆல் வகுக்க வேண்டும். காபி, பல அலாரம் கட்டத்துக்கு 100 × 125 ÷ 240 = 52.08. இருப்பதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுத்து, நான்கு கட்டங்களையும் கூட்டினால் 6.75 வரும். இதுதான் கை வர்க்க (chi-square) மதிப்பு. ஷீட்டில் உள்ள ஃபங்ஷன் நேராகப் பி மதிப்பை (சம்பந்தமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பை) தந்துவிடும், ஆனால் எதிர்பார்ப்பு எண்களின் அட்டவணையை நீங்கள்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். எதிர்பார்ப்பு எண் எந்தக் கட்டத்திலாவது 5-க்குக் கீழே போனால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

பாடப்புத்தகப்படி 3.84-ஐத் தாண்டினால் 5 சதவீத மட்டத்தில் ‘குறிப்பிடத்தக்கது’, அதாவது சம்பந்தமே இல்லாத ஜோடி அதைத் தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். 6.75 அதைத் தாராளமாகத் தாண்டிவிட்டது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தலைப்பு எழுதப் போய்விடுகிறார்கள்.

20 கேள்விகளில் 190 ஜோடிகள் இருக்கின்றன. எதற்கும் எதோடும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் அவற்றில் ஒன்பது பத்து ஜோடி 3.84-ஐத் தாண்டும். அவற்றில் மிகப் பெரியது பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே இருக்கும். ஆக, நம் 6.75 வெறும் இரைச்சலின் முதல் பரிசைக்கூட வாங்காது. 190 ஜோடிகளில் ஒன்றாவது தற்செயலாகத் தாண்டும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டுமானால், தாண்ட வேண்டிய வாசல்படி 13.3.

நம்பிக்கை வரவில்லையென்றால் தேடும் பாதியை நகலெடுத்து, ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் உள்ள கலைத்துப்போடும் வசதியால் கலையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் ஆட்களின் வரிசைதான் மாறும், முடிச்சுகள் அப்படியே இருக்கும். கலைந்த ஷீட்டில் திரும்ப 190 கணக்கும் போட்டுப் பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் அந்தக் குப்பையிலிருந்தும் அருமையான தலைப்புகள் கிளம்புவதை ஒருமுறை பார்த்தவர்கள் 3.84-ஐ நம்பி எழுத மாட்டார்கள்.

வயதால் வெட்டிப் பார்ப்பது

தேடும் பாதியில் எந்த வாசல்படியும் வேண்டாம். மதிப்பின்படி அடுக்கி, மேலே உள்ள பத்து ஜோடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஆளைப் பற்றிய ஐந்து கேள்விகளால் வெட்ட வேண்டும். காபி-அலாரம் ஜோடியை 30 வயதுக்குக் கீழ், மேல் என்று வெட்டினால் இப்படி வரலாம்:

30-க்குக் கீழ்: காபி 70 பேரில் 54 (77 சதவீதம்), டீ 50 பேரில் 38 (76 சதவீதம்).
30-ம் அதற்கு மேலும்: காபி 30 பேரில் 8 (27 சதவீதம்), டீ 90 பேரில் 25 (28 சதவீதம்).

கூட்டிப் பாருங்கள், அதே 62-ம் 63-ம்தான். ஆனால் முடிச்சைக் காணோம். இளையவர்கள் பல அலாரம் வைக்கிறார்கள்; இந்தக் கூட்டத்தில் காபிப் பக்கம் இளையவர்கள் அதிகம். அவ்வளவுதான். வெட்டியும் நிற்கிற ஜோடிகளில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு பூட்டைத் திறக்கலாம். ஐந்தே சோதனை என்பதால் அங்கே வாசல்படி 6.63. வித்தியாசம் முதல் பாதியில் இருந்ததைவிடக் குறைந்துதான் வரும். தேர்ந்தெடுத்ததே பெரிதாகத் தெரிந்ததை என்பதால், அதில் அதிர்ஷ்டத்தின் பங்கும் கலந்திருக்கும். திசை மாறினால் விட்டுவிடுங்கள். ஐந்தில் ஒன்று தேறினாலே நல்ல அறுவடை.

ஆயிரக்கணக்கில் பதில் வந்தால் சிக்கல் தலைகீழாகிவிடும். 1966-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 57,000 பள்ளி மாணவர்களிடம் சேகரித்த விவரங்களை உளவியலாளர் பால் மீல் ஜோடி சேர்த்துப் பார்த்தார். 15 விவரங்கள், 105 ஜோடிகள். அத்தனையும் ‘குறிப்பிடத்தக்கவை’. மனித வாழ்க்கையில் எல்லாமே எல்லாவற்றோடும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த அளவு கூட்டத்தில் கை வர்க்கத்தை விட்டுவிட்டு, அதை ஆள் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்த ஃபை மதிப்பைப் பாருங்கள். நம் உதாரணத்தில் அது 0.17. 0.1-க்குக் கீழே இருப்பதை நாங்கள் எழுதுவதே இல்லை.

நாடுகளின் சராசரிகளை வைத்து இந்த விளையாட்டை ஆடாதீர்கள். 23 நாடுகளில் தலைக்கு எவ்வளவு சாக்லேட், எத்தனை நோபல் பரிசு என்று 2012-ல் ஒரு மருத்துவ இதழில் ஒப்பிட்டபோது ஒட்டுறவுக் கெழு (முழுமையாகச் சேர்ந்தால் 1, சம்பந்தமே இல்லையென்றால் 0) 0.79 வந்தது. பரிசு வாங்கியவர்கள் சாக்லேட் சாப்பிட்டார்களா என்பது அதில் எங்கேயும் இல்லை.

எழுதும்போது

சதவீதத்தின் திசையைக் கவனியுங்கள். காபி குடிப்பவர்களில் 62 சதவீதம் பேர் பல அலாரம் வைக்கிறார்கள். பல அலாரம் வைப்பவர்களில் காபி குடிப்பவர்கள் 125-க்கு 62, ஏறக்குறைய 50 சதவீதம். இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள். இரு தரப்பின் சதவீதமும், ஆள் எண்ணிக்கையும், பூட்டிய பாதியில் கிடைத்த எண்ணும் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே எத்தனை ஜோடிகளைப் பார்த்தீர்கள், பூட்டிய பாதிக்கு அனுப்பிய ஐந்தில் எவை தோற்றன என்பதையும் போட்டுவிடுங்கள்.