பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பிள்ளையின் இன்சுலின்

வாகரை, திருக்கோவில் பக்கம் நீரிழிவுள்ள பிள்ளையை வீட்டில் பார்க்கப் போகும்போது முதலில் கேளுங்கள்: இன்சுலின் குப்பி எங்கே இருக்கிறது? தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியில் என்றால் உடனே மாற்ற வேண்டும்.

பெரிய முட்டிக்குள் சின்ன முட்டியை வையுங்கள். இடைவெளியில் ஆற்றுமணல் நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி நனையுங்கள். குப்பியை மூடியுள்ள போத்தலில் போட்டு உள்ளே இறக்கி, ஈரத்துணியால் மூடுங்கள். நிழலும் காற்றும் வேண்டும். காற்றோட்டமில்லாத அறைக்குள் வைத்தால் குளிராது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நன்றாகக் குளிரும், மாரியில் குறைவு. உள்ளே ஒரு வெப்பமானி கிடக்கட்டும்: 30 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். திறந்த குப்பி பொதுவாக 4 கிழமைதான். திறந்த திகதியை எழுதி ஒட்டுங்கள். திறக்காதவற்றை 2 முதல் 8 பாகையில், ஆஸ்பத்திரி பிரிட்ஜிலோ அயல்வீட்டிலோ வைக்கலாம். உறைபெட்டியில் வேண்டாம், உறைந்தது கெட்டது.

தெளிவான இன்சுலின் கலங்கினால் வீசுங்கள். இயல்பிலேயே கலங்கலான வகையை உள்ளங்கையில் உருட்டியும் கட்டி கரையாவிட்டால் அதுவும் வேண்டாம்.

இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கினால், 20 கிலோ பிள்ளைக்கு ஒன்றரை மட்டத் தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். சொக்லேட் மெதுவாகத்தான் ஏறும். மயங்கிய பிள்ளையின் வாயில் எதுவும் ஊற்றாமல், சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.