ஸ்பெக்ட்ரம் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஆடுவது எப்படி? மேனிக் மைனரில் தொடங்கலாம்

1982 ஏப்ரலில் பிரிட்டனில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி விற்பனைக்கு வந்தபோது 16கே (16 கிலோபைட் நினைவகம்) மாடலின் விலை 125 பவுண்டு, 48கே மாடல் 175 பவுண்டு. மானிட்டர் கிடையாது. வீட்டு டிவியின் ஆன்டெனா துளையில் வயரைச் செருகி 36-ஆம் அலைவரிசைக்கு ட்யூன் செய்ய வேண்டும். அந்த டிவியில் அப்போது மூன்றே சேனல்கள். நான்காவது அந்த நவம்பரில்தான் வந்தது. எல்லோரும் ஒரே நிகழ்ச்சிகளைப் பார்த்துச் சிரித்த காலம் அது. அந்தச் சிரிப்பு ஆட்டங்களுக்குள்ளும் புகுந்துகொண்டது. அதைத் தெரிந்துகொண்டு ஆடினால்தான் இவற்றின் ருசி முழுதாகக் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

படி 1: எமுலேட்டர்

எமுலேட்டர் என்பது பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். ஃபியூஸ் என்ற இலவச எமுலேட்டரை நிறுவுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஸ்பெக்ட்ரமின் நிரந்தர நினைவகத்தில் இருந்த மென்பொருளும் அதனுடனேயே வரும். ஸ்பெக்ட்ரமைத் தயாரித்த சின்க்ளேர் நிறுவனத்தின் கணினித் தொழிலை 1986-இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் வாங்கியபோது அதன் உரிமையும் அவர்களிடம் போனது. எமுலேட்டர்களோடு சேர்த்துத் தர அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். போனில் ஆட வேண்டாம், நிஜ விசைப்பலகை இல்லாமல் சரிப்படாது.

படி 2: ஆட்டக் கோப்பு

ஆட்டங்கள் அப்போது கேசட்டில் வந்தன. அந்தக் கேசட்டின் நகலாக டாப், டி.இசட்.எக்ஸ் என்ற வகைக் கோப்புகள் இணையக் காப்பகங்களில் இருக்கின்றன. சில உரிமையாளர்கள் பகிர அனுமதித்தார்கள், சிலர் மறுத்துவிட்டார்கள். எனவே இறக்கும் முன் அந்த ஆட்டத்தின் பக்கத்தில் உரிமைக் குறிப்பைப் படியுங்கள். இந்த வேலையே வேண்டாம் என்றால், 2024-இல் ரப்பர் விசைகளோடு வெளிவந்த 'தி ஸ்பெக்ட்ரம்' கருவியில் 48 ஆட்டங்கள் உரிமத்தோடு உள்ளன.

படி 3: கேசட் ஏற்றுவது

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இதுதான். ஃபியூஸ் வழக்கமாக ஆட்டத்தை நொடியில் ஏற்றிவிடும். முதல் முறையாவது அதைத் தடுத்து வையுங்கள். ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் ஆட்டோ-லோடு, ஃபாஸ்ட்லோடிங், டேப் டிராப்ஸ், ஆக்சிலரேட் லோடர்ஸ் நான்கையும் அணைத்துவிடுங்கள். மெஷின் மெனுவில் 48கே இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் எஃப்7 அழுத்திக் கோப்பைத் திறங்கள்.

இப்போது ஜே விசையைத் தட்டினால் அந்த எழுத்து வராது, 'லோடு' என்ற முழுச் சொல்லும் வந்து நிற்கும். 48கே மெஷினில் ஒவ்வொரு எழுத்து விசைக்கும் ஒரு கட்டளை உண்டு. அடுத்து கன்ட்ரோலைப் பிடித்தபடி பி விசையை இரண்டு தடவை தட்டுங்கள், இரண்டு மேற்கோள் குறிகள் விழும். என்டர். டேப் தானாக ஓடாவிட்டால் எஃப்8.

திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் நகரும், நீண்ட ஒரு 'பீ...' ஒலி. பிறகு பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மெலிந்து, ஒலி கரகரப்பாக மாறும். வருவது தகவல்தான், நொடிக்குச் சுமார் 1,500 பிட். நினைவகம் நிறைய ஏற்ற ஐந்து நிமிடம் போல ஆகும். அதற்குள் ஒரு டீ போட்டு வந்துவிடலாம். பிரிட்டன் வீடுகளிலும் அதுதான் நடந்தது.

படி 4: ஆடுவது

மேனிக் மைனர் 1983-இல் வந்தது. எழுதிய மேத்யூ ஸ்மித் அப்போது பதின்ம வயதுப் பையன்; வெளியிட்டது லிவர்பூலின் பக்-பைட் நிறுவனம். கதைப்படி சுரங்கத் தொழிலாளி வில்லிக்குப் பழைய சுரங்கம் அகப்படும் இடம் சர்பிட்டன். அது லண்டனின் தென்மேற்கில் இருக்கும் அமைதியான புறநகர். 1975 முதல் 1978 வரை ஓடிய ஒரு பிபிசி நகைச்சுவைத் தொடரின் களமும் அதே ஊர்தான். தோட்டமும் கண்ணியமுமாக எல்லோருக்கும் தெரிந்த அந்த ஊரில் சுரங்கம் என்றதுமே பிரிட்டிஷ் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

மேல் வரிசையில் கியூ இடப்பக்கம், டபிள்யூ வலப்பக்கம். கீழ் வரிசை விசைகள் குதிக்க. சாவிகள் எல்லாவற்றையும் எடுத்தால் வாசல் மின்னும், காற்று தீர்வதற்குள் அங்கே போக வேண்டும். குதித்த பிறகு நடுவானில் திசை மாற்ற முடியாது, அதனால் கால் வைக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுக் குதியுங்கள். உயரத்திலிருந்து விழுந்தாலும் உயிர் போகும். மொத்தம் 20 குகைகள். கடினமான இடத்துக்கு முன் எஃப்2 அழுத்திச் சேமித்துக்கொள்ளலாம், தப்பே இல்லை.

பின்னணியில் நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் மெட்டு ஒன்று ஓயாமல் ஓடும். 48கே ஸ்பெக்ட்ரமில் ஒலிக்குத் தனிச் சிப் கிடையாது. ஸ்பீக்கரை மாற்றி மாற்றித் தட்டுவதும் இசட்80 செயலியின் வேலை. வில்லியை நகர்த்தும் இடைவெளியில் துணுக்குத் துணுக்காக இசையையும் நுழைத்தது, அந்த வயதுப் பையனின் அபாரமான கைத்திறன். ஓர் உருவத்தின் நிறம் பக்கத்துப் பொருளில் ஒட்டிக்கொண்டால் எமுலேட்டர் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்: 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தில் இரண்டு நிறங்களுக்கு மேல் வராது.

மூன்று உயிரும் போனால் மேலிருந்து ஒரு பூட்ஸ் கால் இறங்கி வில்லியை நசுக்கும். மான்டி பைத்தான் குழு 1969-இல் பிபிசியில் தொடங்கிய நிகழ்ச்சியில் இப்படித்தான் ராட்சதக் கால் ஒன்று வந்து எல்லாவற்றையும் மிதிக்கும். அதற்குச் செய்த மரியாதை இது.

படி 5: அடுத்தது

1984-இல் வந்த ஸ்கூல் டேஸுக்குப் போங்கள். எரிக் என்ற மாணவன், ஆசிரியர் அறைப் பெட்டகத்திலிருந்து தன் மதிப்பெண் அட்டையைத் திருட வேண்டும். மாட்டினால் இம்போசிஷன், அது 10,000 வரியைத் தாண்டினால் பள்ளியை விட்டே வெளியேற்றிவிடுவார்கள். தொடக்கத்தில் பாத்திரங்களின் பெயர்களை மாற்ற வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி, உங்களுக்கு அதிகம் இம்போசிஷன் கொடுத்த ஆசிரியரின் பெயரைத் தட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.