ஆண்டுக்கு எத்தனை தேக்கு வெட்டலாம்? பிராண்டிஸ் கணக்கைப் போடும் விதம்

ஜெர்மனியின் பான் நகரில் தாவரவியல் கற்பித்துவந்த டீட்ரிக் பிராண்டிஸ், 1856-இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குக் கண்காணிப்பாளராக வந்தார். 1852 போருக்குப் பின் பெகு பிரிட்டிஷார் கைக்குப் போயிருந்தது. மர வியாபாரிகள் கோடரியோடு காத்திருந்தார்கள். காட்டில் எத்தனை மரம் நிற்கிறது என்ற கணக்கு மட்டும் இல்லை. 1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராக அவரை உயர்த்திய பணிக்கு அடித்தளம் இங்கே அவர் போட்ட கணக்குதான்.

முதலில் மரங்களைச் சுற்றளவுப்படி பிரிக்க வேண்டும். 6 அடியும் அதற்கு மேலும் முதல் வகுப்பு. நாலரை முதல் 6 அடி இரண்டாம் வகுப்பு. ஒன்றரை முதல் நாலரை அடி மூன்றாம் வகுப்பு. அதற்குக் கீழே எல்லாம் நான்காம் வகுப்பு. மார்பு உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில் அளக்கலாம். முதிர்ந்த தேக்கின் அடிமரம் மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்பின் மேலேயே டேப்பைச் சுற்றினால் இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாகிவிடும். அப்படிப்பட்ட மரத்தில் மடிப்பு முடியும் இடத்துக்கு மேலே அளந்து, உயரத்தையும் குறித்துவையுங்கள்.

பிராண்டிஸ் யானை மேல் போனார். இடது கையில் வகுப்புக்கு ஒன்றாக மூங்கில் பத்தைகள், வலது கையில் கத்தி. கண்ணில் படும் தேக்குக்கெல்லாம் அந்தந்தப் பத்தையில் ஒரு வெட்டு. ஈரக் காட்டில் தாளை நம்ப முடியாது என்பதால் இன்றைக்கும் இது மோசமான யோசனை இல்லை.

பாதை எங்கே போகிறது என்பதில்தான் கணக்கு கெடும். யானைத் தடம் பெரும்பாலும் முகட்டையோ ஓடையையோ ஒட்டியே போகும். தேக்கு வடிகாலுள்ள சரிவில் செழித்து, நீர் தேங்கும் பள்ளத்தில் குறையும். ஆகவே நீங்கள் எண்ணிக்கொண்டு போகும் கோடு முகடு, சரிவு, பள்ளம் மூன்றையும் குறுக்கே வெட்டிப் போகும்படி வரைபடத்திலேயே முன்கூட்டி இழுத்துவிடுங்கள். கோட்டின் இருபுறமும் எண்ணும் நிலப்பட்டையின் அகலத்தையும் மாற்றக் கூடாது. கோடையில் இலை உதிர்ந்தபின் தூரத்து மரமும் தெரியும். ஆசைப்பட்டு அதையும் எண்ணினால் காடு தாளில் மட்டும் பெருகும்.

ஓர் எடுத்துக்காட்டு. 20 கிலோமீட்டர் நீளம், இருபுறமும் 30 மீட்டர் என்றால் 120 ஹெக்டேர். அதில் முதல் வகுப்பு 240, இரண்டாம் வகுப்பு 300 என்று வைப்போம். 6,000 ஹெக்டேர் காட்டுக்கு முறையே 12,000, 15,000. இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்புக்கு ஏற 24 ஆண்டு ஆகும் என்பது பிராண்டிஸின் மதிப்பீடு. 12,000-ஐ 24-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 500.

இதோடு நிறுத்துவதுதான் பெரிய தவறு. இரண்டாம் வகுப்பின் 15,000-இல் மேலே ஏறுமுன் சாவது ஐந்தில் ஒன்று என்று கொண்டால் மிஞ்சுவது 12,000. ஆண்டுக்கு 500 ஏறிவரும், கணக்கு நேராகிறது. இரண்டாம் வகுப்பு 9,000 மட்டுமே இருந்தால், அதே ஐந்தில் ஒன்று போக, ஆண்டுக்கு ஏறிவருவது 300 தான். அப்போது வெட்டும் 300-ஐத் தாண்டக் கூடாது, முதல் வகுப்பு எவ்வளவு நின்றாலும் சரி.

24-ஐ வேறு காட்டுக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். தேக்கில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும். மார்பு உயரத்துக் குறுக்குவெட்டில், நாலரை அடிச் சுற்றளவுக்கு ஆரம் சுமார் 21.8 செ.மீ., 6 அடிக்கு 29.1 செ.மீ. பட்டைத் தடிமனைக் கழித்துவிட்டு, இடையிலுள்ள சுமார் 7.3 செ.மீ. பகுதியில் வளையங்களை எண்ணுங்கள். புழு இலையைத் தின்ற ஆண்டில் போலி வளையம் விழலாம் என்பதால் ஒரு மரத்தோடு விடாமல் பல மரங்களின் சராசரி தேவை.

தேர்ந்த மரத்தை உடனே சாய்ப்பதில்லை. பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் வைரம் பாய்ந்த நடுமரம் தெரியும்வரை சுற்றிலும் வெட்டி, இரண்டு மூன்று ஆண்டு நின்றபடியே காயவிட வேண்டும். மடிப்புக்குள் ஒரு விரல் பட்டை மிஞ்சினாலும் மரம் பிழைத்துத் தளிர்க்கும். அடுத்த மழைக்குப் பின் போய்ப் பார்த்து மறுபடி வெட்டுங்கள். இப்படிச் சுற்றி வெட்டிய அன்றே மரத்துக்கு எண் போட்டு, அந்த ஆண்டின் 300-லோ 500-லோ கழித்துவிடுங்கள். சாய்க்கும் நாளில் கழித்தால் நின்று காயும் மரங்கள் கணக்கில் வராமல் இரண்டு ஆண்டு வெட்டு கூடிவிடும்.