வீட்டுப்பாடத்தில் பிள்ளை எந்த வரியில் நிற்கிறது?

பேனா பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். நாம் வாங்கி எழுத ஆரம்பித்தால் நோட்டு நிறையும், அவ்வளவுதான். எந்த வரியில் நின்றது என்று கண்டுபிடிப்பதே சொல்லிக்கொடுப்பவர் வேலை. கீழே உள்ளவை 8 முதல் 10-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு.

வேண்டியவை: கோடு போடாத ரஃப் நோட்டு, எச்பி பென்சில், அடிஸ்கேல், அந்த வருடப் புத்தகம். கணக்குக்கு மட்டும் போன வருடப் புத்தகத்தையும் எடைக்குப் போடாமல் வைத்திருங்கள். பாதிச் சிக்கல் அதில்தான் கிடக்கும். கைடு வேண்டாம். அதில் விடை இருக்கும், இடைவரி இருக்காது. யூடியூப் எல்லாம் பிள்ளை ஒரு தடவை சொந்தமாக முயன்ற பிறகு.

கணக்கு: "எதில் இத்தனை சதவீதம்?"

கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, என்ன கேட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். சொல்ல வரவில்லை என்றால் சிக்கல் கணக்கில் இல்லை, வாசிப்பில்.

உதாரணத்துக்கு ஒன்று. 800 ரூபாய் அடக்கத்துக்கு வாங்கிய சுங்குடிச் சேலைக்குக் கடைக்காரர் 25% கூட்டிக் குறித்த விலை போடுகிறார். பிறகு 20% தள்ளுபடி தருகிறார். லாபம் எவ்வளவு? பத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் யோசிக்காமல் 5% என்பார்கள். 800-இல் 25% 200, குறித்த விலை 1000. தள்ளுபடி அந்த 1000-த்தில், அதுவும் 200. விற்ற விலை 800. லாபம் ஒரு பைசா இல்லை. சூத்திரத்தை மறுபடி ஒப்பிக்கச் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு சதவீதக் குறியின் அடியிலும் "எதில்?" என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், போதும்.

அறிவியல்: செம்பருத்தி பச்சையாக மாறவில்லையா?

அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் இயற்கை நிறங்காட்டி செய்து வரச் சொல்வார்கள். ஐந்தாறு செம்பருத்திப் பூவின் இதழ்களை அரை டம்ளர் கொதித்த நீரில் போட்டுப் பத்து நிமிடம் கழித்து டீ வடிகட்டியில் வடிகட்டுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் அடர் இளஞ்சிவப்பு. சுண்ணாம்புத் தெளிநீர் விட்டால் பச்சை. தெளிநீருக்கு, வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு ஒரு பட்டாணி அளவு போதும். ஒரு டம்ளர் நீரில் கரைத்து, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேலாக மட்டும் எடுக்க வேண்டும். கண்ணில் படக்கூடாது, பெரியவர் பக்கத்தில் இருங்கள்.

கெட்டுப்போவது தண்ணீரில். நம்மூரில் பல வீடுகளில் போர் தண்ணி உப்புத் தண்ணி. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் லேசான காரத்தன்மை உடையது. அதில் இதழைப் போட்டால் சாறு முதலிலேயே நீலம் பாய்ந்து மங்கிவிடும், பிறகு நிறமாற்றம் தெளிவாகத் தெரியாமல் போகலாம். கேன் தண்ணீரில் போடுங்கள்.

மஞ்சளில் வேறு பொறி. காரத்தில் செம்பழுப்பாகும், அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். பிள்ளை அட்டவணையில் "மாற்றமில்லை, எனவே நடுநிலை" என்று எழுதிவிடும். மஞ்சளை வைத்து அமிலத்தையும் நடுநிலையையும் பிரிக்க முடியாது. சோடா உப்புக் கரைசலில் மஞ்சளின் நிறம் அரைகுறையாகத்தான் மாறும். சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சமூக அறிவியல்: மதுரையின் உச்சிவேளை

வரைபடத்தைப் பற்றி இரண்டே விஷயம். வைகையை மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து நேராக மதுரைக்கு இழுத்துவிடுவார்கள். அது வருசநாட்டு மலையில் பிறந்து முதலில் வடக்குப் பக்கமாகப் போய், பிறகுதான் தென்கிழக்கே திரும்பி மதுரை, ராமநாதபுரம் பக்கம் வருகிறது. பெரியாறு மேற்கே ஓடும் ஆறு. 1895-இல் திறந்த அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும்தான் அதன் நீரைக் கிழக்கே, வைகைக்குத் திருப்புகின்றன.

அதிகம் தடுக்கி விழுவது தல நேரத்தில், அதாவது சூரியனை வைத்து அந்தந்த ஊருக்கு வரும் நேரத்தில். இந்தியத் திட்ட நேரம் 82°30′ கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது. மதுரை ஏறக்குறைய 78°07′ கிழக்கு. கழித்தால் 4°23′. பூமி 24 மணி நேரத்தில் 360° சுழல்வதால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். இதுவரை எல்லாரும் வந்துவிடுவார்கள்.

இங்கேதான் 4°23′-ஐ 4.23 என்று எழுதி நாலால் பெருக்கி 16.92 நிமிடம் என்பார்கள். பாகைக்கு 60 கலை (′), நூறு இல்லை. தசமத்துக்குப் போகாமல் இப்படிச் செய்யச் சொல்லுங்கள்: 4 பாகைக்கு 16 நிமிடம். ஒரு கலைக்கு 4 நொடி, ஆக 23 கலைக்கு 92 நொடி. மொத்தம் 17 நிமிடம் 32 நொடி.

அடுத்த குழப்பம், கூட்டுவதா கழிப்பதா. "கிழக்கே கூட்டு, மேற்கே கழி" என்று மனப்பாடம் செய்த பிள்ளைதான் பரீட்சையில் மாற்றிப் போடும். ராமேஸ்வரத்தில் முதலில் உச்சிவேளையா, தேனியிலா என்று கேளுங்கள். சூரியன் கிழக்கிலிருந்து வருவதால் ராமேஸ்வரம்தான், தேனிக்குச் சுமார் 7 நிமிடம் முன்னால். அதே கணக்கில், 82°30′-க்கு மேற்கே உள்ள மதுரை பின்தங்கும். கடிகாரம் 12 காட்டும்போது மதுரையின் தல நேரம் 11 மணி 42 நிமிடம் 28 நொடி.

நம்பாத பிள்ளையை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போங்கள். மணல் நிரப்பிய வாளியில் குழாய் ஒன்றை நட்டு, மணலுக்கு மேல் ஒரு மீட்டர் நிற்க வையுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நிழல் எப்போது மிகக் குறுகுகிறது என்று உற்றுப் பார்ப்பது வீண். உச்சிக்கு அருகே நிழலின் நீளம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறாது. 11 மணிக்கு முன்னால் நிழல் நுனியைக் குறித்து, மணியையும் எழுதுங்கள். குழாயை மையமாக வைத்து, அந்தப் புள்ளி வழியாக நூலால் வட்டம் போடுங்கள். பிற்பகலில் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் மணியையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவேளைதான் உச்சி. காலை 10:47, பிற்பகல் 1:48 என்றால் 12:17½, கணக்கில் வந்த அதே பின்தங்கல். கோயில் கட்டும் ஸ்தபதிகள் திசை பார்க்கச் சங்கு என்ற முளைக்குச்சியை நட்டதும் இந்த வட்ட முறையில்தான்.

பின்சேர்க்கை: இதைப் பிப்ரவரியில் செய்தால் 12:32 அளவில் வரும். நவம்பர் தொடக்கத்தில் 12:01. பிள்ளை தப்பாக அளக்கவில்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சு சாய்வு, இரண்டும் சேர்ந்து சூரியனை வருடத்துக்குள் முன்னும் பின்னும் ஆக்குகின்றன. கணக்கோடு ஒட்டிவரும் சமயங்களில் ஒன்று ஏப்ரல் நடு, கிட்டத்தட்டச் சித்திரை பிறக்கும் சமயம். அதே நாட்களில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் குழாயின் நிழல் அடியோடு மறையும்.

இன்னொன்று: உச்சி நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று எழுத விடாதீர்கள். டிசம்பர் 22-இல் ஒரு மீட்டர் குழாய்க்கு வடக்கே சுமார் 66 செ.மீ. ஜூன் 21-இல் தெற்கே, 24 செ.மீ.

முக்கால் மணி நேரத்துக்குள் முடியாத கேள்விக்கு நோட்டில் இடம் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் பென்சிலால், "பாகையைக் கழித்தேன், கலையை நொடியாக்கத் தெரியவில்லை" என்று பிள்ளையே எழுதட்டும். வகுப்பில் ஆசிரியர் அந்த வரியிலிருந்து தொடங்கிக்கொள்வார்.