இன்ஜின் வேலை முடிந்ததும் மேலே 'டிக் டிக்' சத்தமா? டேப்பட்டில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைந்து பார்ட்ஸ் வாங்கி, ஹெட் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) வேலை முடித்து, எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் செய்தால் மேலே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நிற்கிற யாராவது "டேப்பட்டைக் கொஞ்சம் டைட் வைங்க" என்பார்கள். அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் இடையிலுள்ள சின்ன இடைவெளியைக் குறைக்கச் சொல்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம். இறுக்கினால் சத்தம் அடங்கும்தான், ஆனால் வால்வ் அதன் சீட்டில் (மூடும்போது வால்வ் உட்காரும் வளையம்) முழுசாக உட்காராமல் போய்விட்டால் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்க வழியிருக்காது, எக்ஸாஸ்ட் வால்வ் எரிந்து மறுபடி ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

இங்கே கார்புரேட்டர் மாருதி 800-ஐ வைத்தே சொல்கிறேன். மூன்று சிலிண்டர், ஆறு வால்வ், திருகி அட்ஜஸ்ட் செய்கிற ராக்கர். கற்றுக்கொள்ள நல்ல இன்ஜின்.

முதலில் ஆயில்

டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். அப்புறம் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஹெட் கவரைத் திறந்து, ஸ்டார்ட்டரில் கொஞ்ச நேரம் சுற்றவிடுங்கள். எல்லா ராக்கரிலும் ஆயில் கசிந்து வர வேண்டும். வரவில்லை என்றால் அதற்குமேல் இன்ஜினை ஓட்டாதீர்கள். ராக்கர் ஷாஃப்டை ஆயில் ஓட்டை தப்பான பக்கம் பார்க்கும்படி மாட்டியிருக்கலாம், அல்லது தாராளமாகத் தடவிய சீலன்ட் பிதுங்கி வழியை அடைத்திருக்கலாம். டேஷ்போர்டில் ஆயில் லைட் அணைந்துவிட்டதே என்று நம்பாதீர்கள், பிரஷர் ரொம்பவே இறங்கினால்தான் அது எரியும். சந்தேகம் இருந்தால் ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள்.

சத்தம் மேலேயா, கீழேயா

கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் கீழ்த்தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் (ராக்கர்களைத் தள்ளும் மேல்தண்டு) ஒரு சுற்று. அதனால் ஐடிலில் 800 ஆர்பிஎம் ஓடும்போது ஒரு வால்வ் நிமிடத்துக்கு 400 முறைதான் தட்டும். காதால் எண்ண முடியாது, ஆனால் டைமிங் லைட் (பிளக்கில் ஸ்பார்க் வரும்போது மின்னும் விளக்கு) இருந்தால் வேலை சுலபம்: முதல் சிலிண்டர் பிளக் வயரில் மாட்டுங்கள், அதுவும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மின்னும். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் பெரும்பாலும் வால்வ் பக்கம், இரண்டு தட்டு என்றால் கீழே பேரிங், பிஸ்டன் பக்கம் சந்தேகப்படலாம். பல வால்வுகள் ஒன்றாகத் தட்டினால் இந்தக் கணக்கு குழம்பிவிடும்.

இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். முனையை ஹெட்டில் வைத்து, கைப்பிடியில் காதை வையுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் துப்பட்டா, சட்டைக்கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் லீக்கும் அப்படியே டேப்பட் போல ஏமாற்றும். வித்தியாசம் சூட்டில் தெரியும். லீக் சத்தம் காலையில் பலமாக இருந்து, இரும்பு சூடாகி விரிந்ததும் குறையும். இந்த இன்ஜினில் டேப்பட் சத்தம் அதற்கு நேர் எதிர், ஏனென்றால் அலுமினிய ஹெட் விரிய விரிய இடைவெளி கூடும்: ஆறிய நிலையில் 0.13 முதல் 0.17 மிமீ, சூட்டில் 0.23 முதல் 0.27. ஆகவே வண்டி சூடானதும் லேசாகக் கூடுகிற டிக் டிக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எனக்கு அந்த லேசான சத்தம் கேட்டால்தான் நிம்மதி.

அளந்து பாருங்கள்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் செய்யுங்கள், மதியம் சென்னை வெயிலில் வேண்டாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். முதல் சிலிண்டரில் பிஸ்டன் கம்ப்ரஷன் முடிந்து மேலே வந்ததும் அந்த சிலிண்டரின் இரண்டு ராக்கரும் லேசாக ஆடும். 0.15 மிமீ ஃபில்லர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். அட்ஜஸ்ட் செய்தால் ஸ்க்ரூவைப் பிடித்தபடியே லாக் நட்டை இறுக்கி, திரும்பவும் அளங்கள், ஏனென்றால் இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே சுற்றிவிடும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-2, அதனால் அடுத்து மூன்றாவது, பிறகு இரண்டாவது.

கேஜ் சரியாகக் காட்டியும் ஒரே ஒரு வால்வ் மட்டும் தட்டுகிறதா? ஸ்க்ரூவின் முனையைப் பாருங்கள். பழசு என்றால் நடுவில் குழி விழுந்திருக்கும், தட்டையான கேஜ் குழியின் விளிம்பில் உட்கார்ந்து பொய் சொல்லும். நிஜ இடைவெளி அதைவிட அதிகம். ஸ்க்ரூவை மாற்றுவதுதான் வழி. ராக்கர்களை இடம் மாற்றிப் பூட்டியிருந்தாலும் தேய்மானம் பொருந்தாமல் சத்தம் வரும். எல்லாம் சரி, இன்னும் தட்டுகிறது என்றால் கேம் லோப் (ராக்கரைத் தள்ளும் மேடு) தேய்ந்திருக்கிறதா என்று மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் ஹைட்ராலிக் டேப்பட் (ஆயில் பிரஷரில் இடைவெளியைத் தானே சரிசெய்வது) என்றால் திருக ஒன்றுமில்லை. உள்ளே மாட்டிய காற்று வெளியேறும்வரை தட்டும். பிரஷர் சரியாக இருந்தால் 2000 ஆர்பிஎம்மில் பத்து, இருபது நிமிடம் ஓடவிடுங்கள். அடங்காவிட்டால் சீட் கிரைண்டிங்கில் எவ்வளவு எடுத்தார்கள் என்று ஹெட் வேலை செய்த லேத் பட்டறையில் கேளுங்கள். சீட் இறங்கினால் வால்வ் தண்டு மேலே ஏறும், அதைத் தாங்குகிற அளவுக்கும் ஹைட்ராலிக் டேப்பட்டுக்கு ஒரு எல்லை உண்டு.

மூடும்போது ஹெட் கவருக்குப் புது கேஸ்கெட் போட்டுவிடுங்கள். புது வால்வும் சீட்டும் செட் ஆக ஆக இடைவெளி குறையும், அதனால் 1000 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சத்தமே இல்லாவிட்டாலும், ஒருமுறை திறந்து அளங்கள்.