குறைப்பட்டியலைக் கட்டட மாதிரியோடு இணைப்பது எப்படி?

வேலை முடியும் தறுவாயில் எழுதப்படும் குறைப்பட்டியலைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் ஸ்நாக் லிஸ்ட் என்றே சொல்கிறோம். அமெரிக்க மென்பொருள்களில் அது பஞ்ச் லிஸ்ட் என்ற பெயரில் இருக்கும். நான் வேலை பார்த்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், "இரண்டாம் மாடி, குளியலறை, தண்ணீர் தேங்குகிறது" என்று எக்செல் தாளில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த மாடியில் எட்டுக் குளியலறைகள் இருந்தன. டைல்ஸ் பதிக்கும் அண்ணன் நன்றாக இருந்த ஒரு தளத்தை உடைத்து, தண்ணீர் வடிய வாட்டம் (சரிவு) புதிதாகக் கொடுத்துப் பதித்துவிட்டுப் போனார். தண்ணீர் தேங்கிய தளம் அப்படியே கிடந்தது. பிழை அவருடையது அன்று. எந்தத் தளம் என்று நாங்கள் எழுதவில்லை.

கட்டட மாதிரியோடு, அதாவது கணினியில் முப்பரிமாணத்தில் வரைந்த கட்டடத்தோடு, பட்டியலை இணைத்தால் இந்தக் குழப்பம் வராது. ரெவிட், ஆர்க்கிகேட் போன்ற மென்பொருள்களில் வரைந்த மாதிரியை, பிற மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொது வடிவமான ஐ.எஃப்.சி. கோப்பாக வெளியே எடுக்கும்போது, ஒவ்வொரு சுவரும் கதவும் தளமும் 22 எழுத்துகள் கொண்ட தனி அடையாள எண்ணோடு வருகின்றன. குறையை அந்த எண்ணோடு கட்டிவிட்டால் இடம் மாற வாய்ப்பில்லை. குறையைச் சுமந்து செல்வது பி.சி.எஃப். என்ற சிறிய கோப்பு. டெக்லா, சொலிப்ரி நிறுவனங்கள் தொடங்கிய இந்த வடிவத்தை இப்போது பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு பராமரிக்கிறது. தலைப்பு, நிலை, பொறுப்பாளர், கெடு தேதி, பார்வைக் கோணம், தேர்ந்தெடுத்த பொருள்களின் அடையாள எண்கள், ஒரு படம் ஆகியவை அதில் இருக்கும். மாதிரி அதில் இராது. ஆகவே மின்னஞ்சலில்கூட எளிதாக அனுப்பலாம்.

முதல் படி, மாதிரியை ஒழுங்காக வெளியே எடுப்பது. ரெவிட் பயன்படுத்துவோர், ஏற்றுமதி அமைப்பில் அடையாள எண்ணைப் பொருளிலேயே சேமிக்கும் தெரிவை இயக்கிக்கொள்ளுங்கள். வரைபவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்: சுவரையோ தளத்தையோ திருத்த வேண்டுமென்றால் இருப்பதையே திருத்தட்டும், அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் எண் மாறிவிடும், அதில் கட்டிய குறைகள் அனாதையாகிவிடும். மாதிரியில் உள்ள அறை எண்ணும் கதவில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி, ஆதிப்புள்ளி, அதாவது மாதிரியின் அளவுகள் எல்லாம் எண்ணப்படும் பூஜ்ஜியப் புள்ளி. புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தென்னாப்பிரிக்க நில அளவை 1999 முதல் ஹார்ட்டபீஸ்ட்ஹூக் 94 என்ற ஆயத்தொலை முறையில் நடக்கிறது. அதில் தெற்கும் மேற்கும் நேர்மறைத் திசைகள். தெற்கு நோக்கிய தொலைவு நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணப்படுவதால் டர்பனில் அந்த எண் 33 லட்சம் மீட்டரைத் தாண்டும். அவ்வளவு பெரிய எண்களை அப்படியே மாதிரிக்குள் கொண்டுவந்தால் பல பார்வை மென்பொருள்களில் கோடுகள் நடுங்கும், தேர்வு பிசகும். எனவே கட்டடத்தின் ஒரு மூலைக்கு அருகே உள்ளூர் ஆதிப்புள்ளி ஒன்றை முடிவு செய்து, கட்டடக்கலை, கட்டமைப்பு, குழாய், மின்சாரம் ஆகிய எல்லா மாதிரிகளையும் அதே புள்ளியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று மாறினாலும், கைப்பேசியில் குறையைத் திறப்பவர் குளியலறைக்குப் பதில் வெற்று வானத்தைப் பார்ப்பார்.

மூன்றாம் படி, இணைப்பைச் சோதிப்பது. அலுவலக மென்பொருளும் கட்டுமான இடத்தில் கைப்பேசியில் உள்ள செயலியும் பி.சி.எஃப். வடிவத்தின் ஒரே பதிப்பைப் படிக்க வேண்டும், ஒன்று 2.1 என்றும் மற்றொன்று 3.0 என்றும் இருந்தால் சிக்கல் வரலாம். ஒரே ஒரு குறையை எழுதி அனுப்பி, அதே பொருள் அதே கோணத்தில் திறக்கிறதா, திரும்பி வரும்போது நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக நடக்கும்வரை இரண்டாவது குறையை எழுத வேண்டாம்.

அடுத்து, நிலைகளின் பெயர்களை முடிவு செய்யுங்கள். திறந்தது, சரிசெய்தது, மூடியது என்ற மூன்றே போதும். தென்னாப்பிரிக்கக் கட்டட வேலைகளில் வழங்கும் ஜே.பி.சி.சி. ஒப்பந்தத்தில் நடைமுறை நிறைவு, இறுதி நிறைவு எனக் கட்டங்கள் உண்டு. உரிமையாளர் சார்பில் ஒப்பந்தத்தை நடத்தும் முதன்மை முகவர் தரும் பட்டியலும் கட்டத்துக்குக் கட்டம் வேறு. ஆகவே எந்தக் கட்டத்துக்குரிய குறை என்ற முத்திரையையும் ஒவ்வொன்றிலும் சேர்த்துவிடுங்கள்.

இனிக் கட்டுமான இடத்துக்குப் போகலாம். நிலத்தடி மாடியில் சிக்னல் கிடைக்காது, மின்வெட்டும் நமக்குப் புதிதல்ல. மாதிரியைக் காலையிலேயே கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். குளியலறைத் தளத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். தேங்கிய நீரின் விளிம்பைச் சாக்கட்டியால் வரைந்து, ரசமட்டத்தை அதன் அருகே வைத்துப் படம் எடுங்கள். பிறகு மாதிரியில் அந்தத் தளத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுத்து, "வாட்டம் வடிகாலுக்கு எதிர்த்திசையில் உள்ளது" என்று எழுதுங்கள். "சரியில்லை" என்று மட்டும் எழுதினால் வேலை செய்பவருக்கு எதுவும் விளங்காது. கீல், சிலிக்கான், வர்ணம் போன்றவை மாதிரியில் பெரும்பாலும் தனிப்பொருளாக இருப்பதில்லை. அவற்றை முறையே கதவு, தொட்டி, சுவர் ஆகியவற்றோடு கட்டிப் படத்தில் வட்டமிட்டுக் காட்டலாம்.

சரிசெய்தவர் நிலையை "சரிசெய்தது" என்று மாற்றுவார். "மூடியது" என்று மாற்றும் உரிமையை அவருக்குத் தரக் கூடாது. நீங்கள் அதே இடத்தில் நின்று மறுபடி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது வடிந்ததை இரண்டாவது படமாகச் சேர்த்த பிறகே குறையை மூடுங்கள். பின்னர் அந்தக் கோப்பை அலுவலக மென்பொருளில் ஏற்றி, திறந்தவற்றை மட்டும் வடிகட்டி, அந்தந்தத் துணை ஒப்பந்தக்காரருக்கு மறுபடி அனுப்புங்கள்.